பதினைந்து சொல்லும் ஒரு மைக்கும்

சனிக்கிழமை எங்கள் பிள்ளைகளின் தமிழ்ப் போட்டியில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கு வீடியோ வந்து சேர்ந்திருக்கும். நேற்று இரவு ஒருவர் அதே வீடியோவை, "டர்பனில் தமிழின் கதி இதுதான்" என்று அழும் முகம் ஒன்றையும் ஒட்டி எனக்கே அனுப்பியிருந்தார். இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

எட்டு வயதுப் பெண். மேடையில் நிற்கவைத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்களை ஒருமுறை, ஒரே ஒருமுறை, வாசித்துவிட்டுத் திருப்பிச் சொல் என்றார்கள். மூன்று சொன்னாள். முதல் மூன்று, வரிசை மாறாமல். "நம் பிள்ளைகளுக்கு ஞாபகசக்தியே செத்துவிட்டது" என்றார் நடுவர் ஐயா, மைக்கில். கூட்டம் சிரித்தது. பாவாடைச் சரிகையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

ஐயா, எதுவும் சாகவில்லை. மனித மண்டை அவ்வளவுதான் பிடிக்கும். உங்கள் மண்டையும்தான்.

இது நான் கோபத்தில் சொல்வதல்ல. ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1956இலேயே எழுதிவிட்டார்: ஒருமுறை கேட்டதை அப்படியே பிடித்துவைத்துத் திருப்பிச் சொல்ல வளர்ந்தவர்களுக்கே ஏழு, கூடக்குறைய இரண்டு. 2001இல் நெல்சன் கோவன் அதையும் குறைத்துவிட்டார். மனத்துக்குள் சொல்லிப் பார்க்கவும் பலவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கட்டவும் வழியில்லாமல் செய்தால் நிற்பது ஏறக்குறைய நான்குதான் என்றார். வளர்ந்தவர்களுக்கு நான்கு. எட்டு வயதுக்குப் பதினைந்தா?

அந்தச் சொற்களையாவது பார்த்தீர்களா? பல்கலைக்கழகம். சுற்றுச்சூழல். நெடுஞ்சாலை. எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஆங்கிலம். தமிழ் அவர்களுக்குச் சனிக்கிழமை மொழி. தெரியாத சொல் நினைவில் நிற்காது. நீளமான சொல் அதைவிட நிற்காது. ஆலன் பேட்லியும் அவர் கூட்டாளிகளும் 1975இல் அளந்து பார்த்தார்கள். சுமார் இரண்டு விநாடிக்குள் வாயால் சொல்லி முடிக்கக்கூடிய அளவுதான் மனத்தில் தங்குகிறது. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு மேலே உள்ள மூன்று சொற்களையும் சொல்லிப் பாருங்கள். பிறகு பூ, கல், ஈ, நாய், மரம் என்று சொல்லிப் பாருங்கள். ஆங்கிலமும் வேல்ஸ் மொழியும் தெரிந்த மாணவர்களை 1980இல் சோதித்தபோது, வேல்ஸ் மொழியில் குறைவான எண்களே நினைவில் நின்றன. அந்த மொழியில் எண்களைச் சொல்லக் கொஞ்சம் அதிக நேரம் பிடிக்கிறது, அதுதான் காரணம். வேல்ஸ்காரர்களுக்கு ஞாபகசக்தி செத்துவிட்டது என்று அங்கே யாரும் மைக் பிடித்ததாகத் தெரியவில்லை.

எனக்கு ஆறாதது இன்னொன்று. வீடியோவை மறுபடியும் பாருங்கள். பதினைந்தையும் வாசித்து முடித்தவுடன் பிள்ளை வாயைத் திறக்கிறாள். நடுவர் கையைக் காட்டி நிறுத்துகிறார். நிறுத்திவிட்டு, கவனம் என்றால் என்ன என்று நமக்கெல்லாம் உபதேசம் செய்கிறார். முப்பத்தைந்து விநாடி. நான் எண்ணினேன். பட்டியலின் தொடக்கமும் கடைசியும் நினைவில் நிற்கும், நடுவில் உள்ளவை போய்விடும். எல்லா மனிதருக்கும் அப்படித்தான். ஆனால் கேட்டு முடித்த பிறகு முப்பது விநாடி வேறு வேலை கொடுத்துவிட்டால் அந்தக் கடைசிச் சொற்களும் அழிந்துபோகும் என்பது 1966இலேயே சோதித்துக் காட்டப்பட்டது. அவளிடம் மிச்சம் இருந்த மூன்று நான்கு சொற்களை அழித்தது யார்? கவனத்தைப் பற்றிய பிரசங்கம்.

என் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, எழுதப் படிக்கத் தெரியாது. டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸிலிருந்து, நிறவெறிக் காலத்தில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. என்னைக் கடைக்கு அனுப்பும்போது அவர் பத்துச் சாமான் சொல்லவே மாட்டார். "ரசத்துக்கு உள்ளது, கறிக்கு உள்ளது, விளக்குக்கு எண்ணெய். மூன்றுதான். ஓடு" என்பார். புளி, மிளகு, சீரகம், பூண்டு என்று கடைக்காரர் முன்னால் நின்றதும் ஒவ்வொன்றாக அவிழ்ந்து வரும். ஒருநாள் சித்தப்பா குறுக்கே புகுந்து எட்டுச் சாமானைக் கடகடவென்று ஒப்பித்து அனுப்பினார். முணுமுணுத்துக்கொண்டே ஓடினேன். வழியில் பக்கத்து வீட்டுக்காரர் "ஆயா சௌக்கியமா?" என்று கேட்டார். "சௌக்கியம்" என்றேன். அவ்வளவுதான், எட்டும் போயிற்று. உப்பை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஆயா திட்டியது என்னை அல்ல, சித்தப்பாவை. "பிள்ளை தலை என்ன, கோணிப்பையா?" மில்லர் கட்டுரை எழுதிப் புரியவைத்ததை ஆயா ரசத்தை வைத்துப் புரியவைத்துவிட்டார்.

"அப்படியானால் நம் அவதானிகள்? நூறு விஷயத்தை ஒரே நேரத்தில் நினைவில் வைத்த தமிழன் இல்லையா?" வந்துவிடும் என்று தெரியும். செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டியவர். கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர் எட்டு வயதில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து நின்றவரல்ல. அது வருடக்கணக்கான பயிற்சி. 1980இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. ஏழு எண்களைத் திருப்பிச் சொன்ன ஒரு மாணவர், 230 மணி நேரத்துக்கு மேல் பழகி, 79 எண்கள் வரை போனார். அவர் ஓட்டப்பந்தய வீரர். எண்களை ஓட்ட நேரங்களாகச் சேர்த்துக் கட்டினார். எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தார்கள். திரும்பவும் ஆறு! பானை பெரிதாகவில்லை, அடுக்கத் தெரிந்திருந்தது. அடுக்கக் கற்றுக்கொடுக்காமல் பானையைக் குறை சொல்லாதீர்கள்.

"அந்தக் காலத்தில் குறள் முழுவதும் மனப்பாடம்" என்பவருக்கு: மனப்பாடம் வேறு, ஒருமுறை கேட்டதைத் திருப்பிச் சொல்வது வேறு. இதே பெண் பன்னிரண்டு குறள் தடுமாறாமல் சொல்வாள். அதை யாரும் கேட்கவில்லை.

"உங்கள் மாணவி என்பதால் பேசுகிறீர்கள்." ஆமாம். அதற்கு என்ன இப்போது?

"போட்டி என்றால் கஷ்டமாகத்தான் இருக்கும்." இருக்கட்டும். கஷ்டமாக இருக்கலாம், சிரிப்பதற்கு என்று இருக்கக் கூடாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஞாபகசக்திகூட அல்ல என் வருத்தம். 1860இல் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகள் ட்ரூரோ கப்பலில் இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து இந்த மொழியைக் கரும்புத் தோட்டத்திலும் கோயில் வாசலிலும் வைத்துக் காப்பாற்றியவர்கள் பள்ளிக்கூடம் பார்க்காத ஆயாக்கள். அவர்கள் பேசிய தமிழைக் கேட்டு முகம் சுளிப்பதற்கு எப்போதும் ஓர் ஐயா இருந்திருக்கிறார். பதினொரு வருடமாகச் சம்பளம் இல்லாமல் வகுப்பு எடுக்கிறேன். என் உச்சரிப்பையும் மேடையில் வைத்துத் திருத்தியிருக்கிறார்கள்; நானும் சிரித்து வைத்தேன். மைக் மட்டும் ஏன் எப்போதும் அவர்கள் கையில் இருக்கிறது? நாற்காலி அடுக்குவது மட்டும் ஏன் நாங்கள்?

அந்தப் பதினைந்து சொல் எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. ஐயா வரட்டும். வேறு பதினைந்து நான் எழுதிவைக்கிறேன், ஒருமுறை வாசிக்கிறேன், முப்பத்தைந்து விநாடி கவனத்தைப் பற்றிப் பேசுகிறேன். பிறகு அவர் சொல்லட்டும்.

பின்குறிப்பு: கீழே அவர் பெயரைப் போடாதீர்கள். இரண்டு பேர் போட்டிருந்தார்கள், நீக்கிவிட்டேன். போன மாதம் எங்கள் வகுப்புக்குப் பத்து நாற்காலி கொடுத்தவர் அவருடைய மனைவி.