அந்தக் கோடு மாசின் அளவைச் சொல்லாது

"வேலூரின் காலைப் புகைமூட்டம் முழுக்க டெல்லியிலிருந்து வந்தது, ஹைஸ்பிளிட் வரைபடமே காட்டுகிறது" என்று மேலே நண்பர் எழுதியிருப்பது தவறு. ஹைஸ்பிளிட் என்பது காற்றின் பாதையைக் கணக்கிடும் கணினி மாதிரி. அது வரைபடத்தில் போடும் கோடு, காற்று எந்த வழியாக வந்தது என்பதை மட்டுமே சொல்லும். வழியில் எவ்வளவு மாசு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பது அதில் கிடையாது.

அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். எங்கே எவ்வளவு வெளியாகிறது, கந்தக டைஆக்சைடு வாயு எவ்வளவு சல்பேட் நுண்துகளாக மாறுகிறது, தரையிலும் இலையிலும் எவ்வளவு படிகிறது என்று எல்லாம் சேர வேண்டும். மழைதான் இதில் கடினமான பகுதி. மேகத்துக்குள் துளிக்குக் கருவாகும் நுண்துகள் மழையோடு இறங்கிவிடும். ஆனால் மேகத்துக்குக் கீழே மிதக்கும் 0.1 முதல் 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான துகளை விழும் துளி அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

சரி, தொலைவிலிருந்து வரவே வராதா? வரும். நுண்துகள் சுமார் ஒரு வாரம் காற்றில் தங்கும். பனிக்காலத்தில் கங்கைச் சமவெளியின் மாசு வங்கக் கடல் வழியாகத் தெற்கே பரவுவதும் உண்மைதான். ஆனால் விடிகாலையில் குளிர்ந்த காற்று நம் மலைகளுக்கு நடுவே தேங்கும்போது, நம் லாரிப் புகையும் குப்பைப் புகையும் தரையோடு தங்கிவிடுகின்றன. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

அப்புறம், அந்தப் பாதைக் கோட்டின் தொடக்கத்தை எந்த உயரத்தில் வைத்தீர்கள்? 100 மீட்டருக்கும் 1500 மீட்டருக்கும் பாதையே மாறக்கூடும். தயவுசெய்து அதையும் போடுங்கள்.