அந்த 50 புள்ளியில் எனக்குப் பெரியது 17 தான்

கூடைப்பந்தில் ‘கிளட்ச்’ ஆட்டம் (நெருக்கடியான நேரத்தில் கைகொடுக்கும் ஆட்டம்) என்று பேச்செடுத்தாலே கடைசி நொடி ஷாட்டுகளைத்தான் வரிசையாக அடுக்குகிறார்கள். 1998 NBA (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் சிகாகோவின் மைக்கேல் ஜோர்டன், 2013-ல் மூலையில் நின்று ரே ஆலன் போட்ட த்ரீ (மூன்று புள்ளி ஷாட்). அருமையான ஷாட்டுகள், மறுக்கவில்லை. ஆனால் ஜோர்டன் அன்றைக்கு எடுத்தது 45 புள்ளி. சிகாகோ மொத்தமாக எடுத்ததே 87. அதில் பாதிக்கு மேல் ஒரே ஆள் எடுத்திருக்கிறார், நமக்கு நினைவிருப்பதோ கடைசி 2 புள்ளி மட்டும்!

என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலில் முதலிடம் 2021 ஜூலை 20 இரவுக்குத்தான். மில்வாக்கி பக்ஸும் ஃபீனிக்ஸ் சன்ஸும் மோதிய இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம் (ஏழில் நான்கை ஜெயித்தால் கோப்பை). பக்ஸின் யானிஸ் ஆன்டெடொகூம்போ 50 புள்ளி, 14 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), 5 பிளாக் (எதிரணியின் ஷாட்டைத் தட்டிவிடுவது). பக்ஸ் 105-98 என்று ஜெயித்து, 1971-க்குப் பிறகு முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. பட்டத்தை முடித்துவைக்கும் ஆட்டத்தில் 50 எடுத்தவர் அதற்கு முன் ஒருவர்தான், 1958-ல் பாப் பெட்டிட்.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது ஃப்ரீ த்ரோ பற்றி, அதாவது எதிரணி ஃபவுல் செய்தால் கோட்டில் நின்று தடையில்லாமல் எறியும் ஒரு புள்ளி ஷாட். அன்றைக்கு அவர் 19 போட்டு 17-ஐ உள்ளே இறக்கினார்.

அந்த ஆண்டின் பிளேஆஃப்ஸை (கோப்பைக்கான நாக்அவுட் சுற்றுகளை) தொடர்ந்து பார்த்தவர்களுக்குத்தான் இந்த எண் எவ்வளவு விசித்திரமானது என்று புரியும். அதுவரை அவர் போட்டதில் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் உள்ளே போயிருந்தது. முந்தின ஆட்டத்தில் 11-க்கு 4. கோட்டில் போய் நின்று பந்தைத் தட்டுவார், நிறுத்துவார், மூச்சு விடுவார், மறுபடி தட்டுவார். விதிப்படி 10 நொடிக்குள் எறிய வேண்டும். வெளியூர் அரங்கங்களில் கூட்டம் மொத்தமும் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தம் போட்டு எண்ணும். பந்து வளையத்தைக்கூடத் தொடாமல் விழுந்ததுண்டு. உலகமே பார்க்க, ஒரு மனிதனின் பலவீனத்தை இத்தனை ஆயிரம் பேர் சேர்ந்து கோரஸாகக் கேலி செய்ததை வேறு எந்த ஆட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

எதிரணிகளுக்கும் இது நல்ல வசதி. உள்ளே ஓடிவரும் யானிஸை நிறுத்த முடியவில்லையா, சரி, ஃபவுல் செய்துவிடு, கோட்டில் அவரே சொதப்பிக்கொள்வார். அந்தக் கணக்கு அன்றைக்கு மட்டும் பொய்த்தது. பழைய விகிதத்திலேயே போட்டிருந்தால் 19-க்கு 10 அல்லது 11 விழுந்திருக்கும். ஆறேழு புள்ளி குறைகிறது. வெற்றி வித்தியாசம் எவ்வளவு? ஏழு.

சொந்த ஊர் அரங்கம்தானே, எண்ணிக் கேலி செய்ய ஆளில்லையே என்பார்கள். நியாயம்தான். ஆனால் தோற்றிருந்தால் ஏழாவது ஆட்டம் ஃபீனிக்ஸில். அது அவருக்கும் தெரியும். இன்னொன்றும் உண்டு: ஓடும்போது யோசிக்க நேரமில்லை, உடம்பு பார்த்துக்கொள்ளும். ஃப்ரீ த்ரோவில் யாரும் மறிக்க மாட்டார்கள், ஆட்டக் கடிகாரமும் நின்றிருக்கும். யோசிப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை. அதனால்தான் கடைசி நொடி ஷாட்டைவிட இதைக் கஷ்டமானது என்கிறேன். ஒரு முறை துணிந்தால் போதாது, 19 முறை துணிய வேண்டும்.

அந்த ஆட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு இவர் நடப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது. அட்லாண்டாவுக்கு எதிரான ஆட்டத்தில் இடது முழங்கால் பின்பக்கமாக வளைந்தது. அந்தக் காட்சியை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை. இரண்டு ஆட்டம் வெளியே உட்கார்ந்துவிட்டு, இறுதித் தொடரின் முதல் ஆட்டத்துக்கு வந்து நின்றார்.

அன்றைக்குக் கூட இருந்தவர்களும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. ஜ்ரூ ஹாலிடே 19 ஷாட்டில் 4 தான் போட்டார் (தடுப்பாட்டத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது, அது வேறு பேச்சு). மிடில்டன் எடுத்தது 17 புள்ளி. பெஞ்சிலிருந்து வந்த பாபி போர்டிஸ் 16 எடுத்து மானத்தைக் காப்பாற்றினார். பாதி ஆட்டத்தில் சன்ஸ் 47-42 என்று முன்னிலை. அப்புறம் மூன்றாம் குவார்ட்டரில் பக்ஸ் எடுத்த 35-ல் 20 யானிஸுடையது. ஒவ்வொரு முறையும் நேராக உள்ளே, மோதல், விசில், மறுபடி கோடு. இரண்டாம் பாதியில் மட்டும் அவர் எடுத்தது 33.

இந்தத் தொடர் என்றாலே நான்காவது ஆட்டத்தில் சன்ஸின் ஏய்ட்டனை யானிஸ் பிளாக் செய்தது, ஐந்தாவதில் ஹாலிடே தூக்கிப் போட்டதை டங்க் செய்தது (எகிறி வளையத்துக்குள் திணித்தது), இந்த இரண்டு வீடியோவைத்தான் பகிர்கிறார்கள். ஃப்ரீ த்ரோக்களை யாரும் தொகுத்துப் போடுவதில்லை, பார்க்கச் சுவாரசியம் இல்லையாம். முழு ஆட்டம் கிடைத்தால் மூன்றாம் குவார்ட்டரையாவது வெட்டாமல் பாருங்கள். பார்த்துவிட்டு உங்கள் பட்டியலில் இதற்கு மேலே எதை வைப்பீர்கள் என்று கமெண்டில் சொல்லுங்கள். ரே ஆலன் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வரலாம், நான் ரெடி.