படிக்காமல் பகிர்கிறவர் கோபப்படுகிறார், படித்துவிட்டுக் கேட்பவன் எதிரியாகிறான்

ஓர் ஆய்வு முடிவை 'நிரூபித்துவிட்டார்கள்' என்று சொல்லிப் பகிர்ந்த ஒரு ஸ்க்ரீன்ஷாட்டுக்குக் கீழே நடந்ததை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். முழுக் கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. நான் கேட்டது ஒரே கேள்வி: "இந்த ஆய்வை எத்தனை பேரிடம், எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தீர்களா?" வந்த பதில்: "ஆராய்ச்சி செய்தவர்களை விட உனக்குத் தெரியுமா?" அதற்கு லைக்குகள் வேறு.

தெரியாது. அதனால்தானே கேட்டேன்?

ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர் ஒரு வாதத்தை முன்வைக்கிறார். என் கேள்வி இது, இப்படித் தேடினேன், இது கிடைத்தது, இந்த இடத்தில் என் ஆய்வு பலவீனமானது என்று வரிசையாக எழுதுவதே அடுத்தவர் வந்து சரிபார்க்கத்தான். 'தொடர்பு இருக்கலாம்' என்று அடக்கி எழுதுவது பயத்தால் இல்லை. தரவு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் பேச வேண்டும் என்ற ஒழுங்கு அது. அதை 'நிரூபித்துவிட்டார்கள்' என்று மாற்றிப் பகிர்ந்தால், நீங்கள் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டு அவர்கள் பெயரைப் போடுகிறீர்கள்.

1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த, பிரிட்டிஷ் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் போடும் எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டது என்று உலகம் நினைவில் வைத்திருக்கிற கட்டுரை. மொத்தம் 12 குழந்தைகள். தடுப்பூசி போடாத குழந்தைகளோடு ஒப்பீடு கிடையாது. தொடர்பை நாங்கள் நிரூபிக்கவில்லை என்று கட்டுரைக்குள்ளேயே ஒரு வரி இருக்கிறது! தரவே திரிக்கப்பட்டது என்பது பின்னால்தான் தெரிந்தது; இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது 2010இல். ஆனால் 12 என்ற எண்ணைப் பார்க்க எந்தப் புலனாய்வும் தேவைப்படவில்லை. முதல் பக்கத்திலேயே இருந்தது.

"ஜர்னலில் வந்தாச்சு, சக ஆய்வாளர்கள் பார்த்தாச்சு, அப்புறம் என்ன?" என்பார்கள். அந்த 12 குழந்தைகள் கட்டுரையும் அப்படித்தான் வந்தது. மதிப்பீட்டாளர்கள் எழுத்துப் பிரதியைப் படிக்கிறார்கள். பரிசோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பதில்லை. செய்து பார்த்தபோது என்ன ஆனது? உளவியலில் வெளியான 100 ஆய்வுகளை மறுபடி நடத்தி 2015இல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியவற்றில்தான் புள்ளியியல்படி தெளிவான முடிவு மீண்டும் கிடைத்தது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களும் ஆய்வாளர்கள்தான். கேள்வி கேட்பது அவர்களுடைய அன்றாட வேலை. நாம் கேட்டால் மட்டும் திமிரா?

புள்ளியியல் தெரியாதவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். யாரிடம் செய்தார்கள், எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள், பணம் கொடுத்தது யார் என்று பார்க்கப் புள்ளியியல் தேவையில்லை. கட்டணம் கட்டாமல் முழுக் கட்டுரை கிடைக்காதா? நியாயமான குறைதான். அப்படியானால் சுருக்கம் மட்டும்தான் படித்தேன் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பகிருங்கள்.

நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் தெரியுமா? என் சித்தி இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியது இப்படி ஒரு பகிர்வை நம்பித்தான். 'ஆய்வில் நிரூபணம்' என்று தலைப்பு. கட்டுரையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எல்லாம் எலிகள். மனிதர் ஒருவர்கூட இல்லை. எழுதியவர்கள் அதை மறைக்கவும் இல்லை, மனிதர்களிடம் இன்னும் சோதிக்கவில்லை என்று தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். அனுப்பியவர் அந்தப் பகுதி வரை போகவே இல்லை. சித்தி மருத்துவமனையில் இருந்தபோது அனுப்பியவரிடம் பேசினேன். "நல்லதுன்னு நினைச்சுத்தானே அனுப்பினேன்" என்றார். நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. சித்திக்கு அதனால் என்ன பயன்?

கடைசியாக, "நீ அறிவியல் எதிர்ப்பாளர்களுக்குத் தீனி போடுகிறாய்" என்ற குற்றச்சாட்டு. இதுதான் உண்மையிலேயே வலித்தது. பல வருடமாக என்னைப் படிக்கிறவர்களே சொன்னார்கள். பிடிக்காத கட்டுரையைப் படிக்காமல் ஒதுக்குகிறவரும், பிடித்த கட்டுரையைப் படிக்காமல் தூக்கிப் பிடிக்கிறவரும் செய்வது ஒரே காரியம். என் கருத்துக்குச் சாதகமான கட்டுரை வந்தாலும் ஆய்வை எப்படிச் செய்தார்கள் என்று சொல்லும் முறையியல் பகுதியைத்தான் நான் முதலில் திறக்கிறேன். நான் ஆசையாக நம்பிய சில முடிவுகள் அங்கேயே உடைந்திருக்கின்றன. அதை இங்கே எழுதியபோது நேர்மையானவன் என்று பாராட்டியதும் இதே ஆட்கள்தான்.