டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது சாமி, குத்தணும்

அந்த பெர்லின் வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெர்லின் ரயிலில் சுற்றுலா போன நம்மூர்க் கணவன், மனைவி, கையில் டிக்கெட் இருந்தும் இருவருக்கும் சேர்த்து 120 யூரோ அபராதம். கீழே கமெண்டில் ஊரே திரண்டு வந்து "நிறவெறி" என்று கொதிக்கிறது. நான் அங்கே எழுதியது ஒரே ஒரு வரி: "டிக்கெட்டில் முத்திரை இல்லையே." அதற்குத்தான் நேற்றிலிருந்து வெள்ளைக்காரனுக்கு வெண்சாமரம் வீசுகிறவன் என்று பட்டம். சரி, பட்டம் கொடுத்தாகிவிட்டது. கொஞ்சம் நீளமாகவே வீசிவிட்டுப் போகிறேன்.

வீடியோவில் அவர் கோபமாக டிக்கெட்டைக் கேமராவுக்கு நேரே நீட்டுகிறார் பாருங்கள், அங்கே நிறுத்திப் பாருங்கள். தேதி, நேரம், எந்த நிலையம் என்று அச்சு விழ வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. அது விழாதவரை அந்தச் சீட்டு இன்றைக்கும் செல்லும், அடுத்த மாதமும் செல்லும். தேதி போடாத காசோலை மாதிரி. பரிசோதகர் கேட்பது "காசு கொடுத்தாயா" என்று இல்லை. "இந்தப் பயணத்துக்குக் கொடுத்தாயா" என்று.

நம்மூரில் கண்டக்டர் கூட்டத்தில் நசுங்கி, நம்மைத் தேடி வந்து கிழித்துக் கொடுப்பார். பெர்லினில் யூ பான் என்ற மெட்ரோவிலும் எஸ் பான் என்ற புறநகர் ரயிலிலும் கண்டக்டரும் கிடையாது, தடுப்புக் கதவும் கிடையாது. உங்களுக்கு நீங்களே கண்டக்டர். நடைமேடை மெஷினில் டிக்கெட் வாங்கியதும் பக்கத்திலேயே சின்னதாக ஒரு பெட்டி நிற்கும், "எண்ட்வேர்ட்டன்" என்று எழுதியிருக்கும். மதிப்பை நீக்கு என்று அர்த்தம். அதன் வாயில் சீட்டை நுழைத்தால் 'டக்' என்று ஒரு சத்தம். எடுத்துப் பாருங்கள், அச்சு தெளிவாக விழுந்திருக்கிறதா என்று. விழுந்த பிறகுதான் ரயில். பஸ்ஸிலும் டிராமிலும் பெட்டி உள்ளேயே இருக்கும், ஏறியவுடன் குத்த வேண்டும். பரிசோதகரைப் பார்த்த பிறகு ஓடிப்போய்க் குத்தினால் செல்லாது. அவர்கள் பல சமயம் சாதாரண உடையில் ஏறுவார்கள், கதவு மூடிய பிறகுதான் அடையாள அட்டையை எடுப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், திட்டுவது திட்டுகிறீர்கள், சேர்த்தே திட்டுங்கள். வீடியோவில் இருக்கும் தம்பதி விமான நிலையத்திலிருந்து வருகிறார்கள். கையில் இருப்பது ஏபி டிக்கெட், அதாவது ஏ, பி என்ற இரண்டு கட்டண மண்டலங்களுக்கு மட்டும். பெர்லின் விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது, அங்கிருந்து நகரத்துக்கு ஏபிசி டிக்கெட் வேண்டும். அதாவது முத்திரை குத்தியிருந்தாலும் தலைக்கு 60 யூரோ அபராதம் விழுந்திருக்கும். இதைச் சொன்னால் நான் கல்நெஞ்சக்காரன்.

"எங்கள் முன்னால் ஏறிய ஜெர்மன்காரர் யாருமே குத்தவில்லையே?" ஆமாம், குத்த மாட்டார்கள். அவர்களில் பலரிடம் மாதாந்திரப் பாஸ் இருக்கும். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு ஆரம்பித்த ஜெர்மனி டிக்கெட் என்ற பாஸ், இப்போது விலை ஏறிவிட்டது, போனிலேயே இருக்கும். அதற்கு எதற்கு முத்திரை? அடுத்தவன் குத்தவில்லை என்று நாமும் குத்தாமல் போவது, சீசன் டிக்கெட்காரன் பின்னாலேயே தாம்பரத்தில் ரயிலேறுவது மாதிரி.

"மெஷின் வேலை செய்யவில்லை என்றால்?" அடுத்த முத்திரைப் பெட்டிக்கு நடக்க வேண்டும். பெர்லின் மட்டுமில்லை, மற்ற ஊர்களையும் பாருங்கள். இத்தாலியில் பிராந்திய ரயில்களின் காகித டிக்கெட்டை ஏறுமுன் நடைமேடையில் குத்த வேண்டும். பெட்டி பழுதென்றால் தேதி, நேரம், நிலையம் மூன்றையும் பேனாவால் டிக்கெட்டில் எழுதி, ரயிலில் பரிசோதகர் கேட்கும் முன்பே நாமே போய்ச் சொல்ல வேண்டும். போனில் வாங்கிய பிராந்திய டிக்கெட் என்றால் ஏறுமுன் செக் இன் செய்ய வேண்டும். ப்ராக் மெட்ரோவில் பெட்டி படிக்கட்டுக்கு மேலேயே இருக்கும், பரிசோதகர் கீழே நிற்பார். பாரிஸில் டிக்கெட்டோ அட்டையோ, வெளியே வரும்வரை கையில் வேண்டும். டிக்கெட்டை ஏற்றி வைத்துக்கொள்ளும் நவிகோ ஈஸி அட்டை ஒன்றை வைத்து இரண்டு பேர் சேர்ந்து போகவும் முடியாது. லண்டனில் உள்ளே போகும்போது போனைத் தட்டி, வெளியே வரும்போது வங்கி அட்டையைத் தட்டினால் இரண்டு அரைகுறைப் பயணமாகக் கணக்காகி இரண்டிலும் காசு போகும், ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும். ஊருக்கு ஒரு வழக்கம். இதில் எது கஷ்டம்?

"டூரிஸ்ட்டுக்கு எப்படித் தெரியும், கொஞ்சம் பெருந்தன்மை காட்டக் கூடாதா?" இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. காட்டலாம். ஜெர்மனியில் டிக்கெட் இல்லாப் பயணம் இன்னும் குற்றச் சட்டத்தில்தான் இருக்கிறது, 1935இல் வந்த பிரிவு. அபராதம் கட்ட முடியாத ஏழைகள் சிறைக்குப் போவதைப் பற்றி அங்கேயே பெரிய சண்டை நடக்கிறது. அது நியாயமான சண்டை. ஆனால் அந்த ஏழைக்காகவா இங்கே கொதிக்கிறீர்கள்?

நிறவெறியே இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? இருக்கிறது. தோலைப் பார்த்து நிறுத்தினார்கள், கையை முறுக்கினார்கள் என்று புகார் செய்கிறவர்கள் அங்கே நிஜமாகவே இருக்கிறார்கள். குத்தாத ஏபி டிக்கெட்டுக்கெல்லாம் அதே வார்த்தையை எடுத்தால், அவர்கள் பேசும்போது யார் கேட்பார்கள்? இதுதான் எனக்கு வலிக்கிறது, பட்டம் இல்லை. (பட்டமும்தான்.)

ஏழு நாளில் ஆறு நாடு. ஒவ்வொரு ஊரிலும் ஒரு கோபுரம், ஒரு செல்ஃபி. விமானத்தில் எத்தனை கிலோ, ஓட்டலில் காலைச் சாப்பாடு உண்டா, எல்லாம் மூன்று மாதம் முன்பே தெரியும். டிக்கெட்டில் இருக்கிற நாலு வார்த்தையைப் போனில் காட்டி மொழிபெயர்க்க மட்டும் நேரம் இல்லை. அதே போனில்தான் வீடியோவும் எடுத்தார்கள்.

நேற்று என்னைக் கழுவி ஊற்றியவர்களில் ஒருவர் இன்று காலை உள்பெட்டியில் வந்தார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, அடுத்த மாசம் ஃபேமிலியோட ரோம். அங்க பஸ்லயும் குத்தணுமா?"

குத்தணும் தம்பி. ஏறினவுடனே. சாதாரண டிக்கெட் 100 நிமிஷம் வரும், அதில் மெட்ரோ ஒரு தடவைதான். ஒரு டிக்கெட் ஒருவருக்குத்தான்.