கருப்பு விழலீங்ணா, வெள்ளை தான் விழுந்துச்சு

போன சனிக்கிழமை ராத்திரி பூல் ஆட்டத்துல 240 ரூபாய் தோத்தேன். காசு பெருசில்லீங்க. தோத்த விதம்தான் மூணு நாளா வெசனமா இருக்குது.

திருப்பூர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, சனிக்கிழமைன்னா சம்பளம். ஒன்பது மணிக்கு மேல நாங்க நாலு பேரு பூல் ஆடப் போயிருவோம், க்யூ குச்சியால வெள்ளைப் பந்தை அடிச்சு மத்த பந்தைப் பாக்கெட்ல தள்ளற ஆட்டம். (வீட்டுல போன் பண்ணுனா "டேபிள்ல இருக்கேன்"பேன். கம்பெனித் தையல் மெஷின், பவர் டேபிள்னு நெனச்சுக்குவாங்க.) தோத்தவன் டேபிள் காசு குடுக்கோணும், அதான் வழக்கம்.

அன்னைக்கு என்னோட ஏழு காயும் முடிஞ்சு, கடைசியா தள்ள வேண்டிய கருப்பு, அதாவது எட்டாம் நம்பர் பந்து, மட்டும் பாக்கி. எதிர்ல ஆடுன கூட்டாளி மாப்ளைக்கு இன்னும் நாலு கெடந்துச்சு. கார்னர் பாக்கெட்டைக் காட்டி சொல்லிட்டு அடிச்சேன். கருப்பு பாக்கெட் வாய்ல அங்கயும் இங்கயும் தட்டி நின்னுருச்சு. வெள்ளை ரெண்டு குஷன்ல (டேபிள் ஓரத்து ரப்பர்) பட்டு, அவசரமே இல்லாம உருண்டு போயி, சைடு பாக்கெட் விளிம்புல ஒரு நொடி ரோசனை பண்ணிட்டு உள்ள போயிருச்சு. மாப்ள க்யூவைச் சுவத்துல சாத்தி வச்சுட்டு கை கழுவப் போயிட்டான்.

"கருப்பு விழலீங்ணா, வெள்ளை தான் விழுந்துச்சு"ன்னேன். கல்லாவுல இருந்த அண்ணன் போனை விட்டுத் தலையைக் கூட தூக்கல. "எட்டு அடிக்கறப்ப வெள்ளை விழுந்தா கேம் ஓவர் தம்பி. இங்க அப்படித்தான்."

அப்படி இல்லீங்க. உலக பூல் சங்கத்தோட விதி தெளிவா இருக்குது. நம்ம காய் முடியறதுக்கு முன்னாடி எட்டு விழுந்தா தோல்வி. சொல்லாத பாக்கெட்ல விழுந்தா தோல்வி. எட்டு டேபிளை விட்டு வெளிய பறந்தா தோல்வி. எட்டும் விழுந்து, அதே அடியில ஃபவுலும் ஆனா தோல்வி. எட்டு மேலயே இருந்து வெள்ளை மட்டும் விழுந்தா அது வெறும் ஃபவுல். எதிராளி வெள்ளையைக் கையில எடுத்து வேணுங்கற எடத்துல வச்சு அடிச்சுக்கலாம், அவ்வளவுதான். அதுவே லேசுப்பட்ட தண்டனையா? வாய்ல நிக்கற கருப்பை வச்சுக்கிட்டு மாப்ள நாலையும் வரிசையா எடுத்திருப்பான். அப்படித் தோத்திருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன்.

எங்க கடையில இன்னொரு கூத்து, எந்த ஃபவுலுக்கும் வெள்ளையை லைனுக்கு (முதல் அடி அடிக்கற பக்கத்துக் கோடு) பின்னாடிதான் வைக்கோணும், அங்கிருந்து முன்னாடிதான் அடிக்கோணும். விதிப்படி இது பிரேக்ல, அதாவது ஆட்டத்தோட முதல் அடியில, ஃபவுல் ஆனா மட்டும். எல்லா ஃபவுலுக்கும் இதையே வச்சா என்ன ஆகும்? என்னோட மிச்சக் காய் ரெண்டும் லைனுக்குப் பின்னாடியே கெடக்குதுன்னு வைங்க. எதிராளி வேணுமின்னே வெள்ளையை உள்ள தள்ளுவான். கைக்கெட்டுற தூரத்துல இருக்கற என் காயை விட்டுட்டு நான் அக்கட்ட குஷன்ல அடிச்சு திரும்பி வரோணும். தப்பு பண்ணுனது அவன், தண்டனை எனக்கு!

குஷன் விதியை வேற யாரும் கண்டுக்கறதே இல்ல. வெள்ளை காயைத் தொட்ட பொறகு ஏதாவது ஒண்ணு விழோணும், இல்லீன்னா ஏதாவது ஒரு பந்து குஷன்ல படோணும். இது இல்லாட்டி ரெண்டு பேரும் பூ மாதிரி தொட்டுத் தொட்டு வச்சுக்கிட்டே விடியற வரைக்கும் ஆடலாம். டேபிள் வாடகை மணிக்கணக்குங்கறதால கடைக்காரருக்கு அது வசதிதான்.

கேரம்ல ஸ்ட்ரைக்கர் உள்ள போனா ஒரு காயின் ஃபைன் கட்டுறோம். ஆட்டமே போச்சுன்னா சொல்றோம்? ஸ்னூக்கர்ல வெள்ளை விழுந்தா கொறஞ்சது 4 பாயிண்ட் எதிராளிக்கு, கருப்பை அடிக்கறப்ப விழுந்தா 7. 1875ல ஜபல்பூர்ல பட்டாள ஆபீசருங்க தொடங்குன ஆட்டம் அது. ஆனா அதுக்கு விதியை எழுதி வச்சது 1882ல, மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறுனா வர்ற ஊட்டி கிளப்புல. நமக்கு இத்தனை பக்கத்துல உக்காந்து எழுதியிருக்காங்க. நம்ம கடைச் சுவத்துல "மணிக்கு இவ்வளவு, எச்சில் துப்பாதீர்" தவிர ஒண்ணும் இல்ல.

ஊருக்கு ஊரு ஒரு விதி இருந்துட்டுப் போகட்டும், அதுல எனக்குச் சண்டை இல்ல. வெள்ளை விழுந்தா தோல்வின்னு பந்தை அடுக்கி ரேக் போடறதுக்கு முன்னாடியே சொன்னா அதுக்குத் தக்கன ஆடியிருப்பேன், கருப்பை அத்தனை வேகமா அடிச்சிருக்க மாட்டேன். அடிச்சு முடிச்ச பொறகு சொல்றது விதியில்லீங்க, லொள்ளு. ஏன்னா ரெண்டு வாரம் முன்னாடி இதே மாப்ள, இதே டேபிள், இதே மாதிரி கருப்புல வெள்ளையை விட்டான். அப்ப அண்ணன் என்ன சொன்னாரு? "லைனுக்குப் பின்னாடி வச்சு அடிங்க." அடிச்சோம். கடைசில அவந்தான் ஜெயிச்சான்.

வர்ற சனிக்கிழமை ஏ4 பேப்பர்ல எல்லாத்தையும் தமிழ்ல எழுதி, செல்லோடேப்போட போறேன். அண்ணன் ஒட்ட விடுவாரான்னு தெரியல. மாப்ள, நீ இதைப் படிச்சுட்டு சிரிக்கற ஸ்மைலி மட்டும் போட்டுட்டுப் போகாத. பாதிக் காசு, 120 ரூபாய், ஜீபே பண்ணீரு.