அழகப்பர் மாத்திரை விற்றாரா?

“மருந்துக் கம்பெனி முதலாளி யூயிங் காஃப்மன் கான்சாஸ் சிட்டியில் தானே கட்டித் திறந்துவைத்த கலையரங்கம். நம் அழகப்பரும் மருந்து விற்ற பணத்தில்தான் காரைக்குடியில் கல்வி வளர்த்தார்.” காரைக்குடி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தியில் இரண்டு பாதியும் தவறு.

காஃப்மன் மருந்துத் தொழிலதிபர் என்பது மட்டும் சரி. 1950-இல் அமெரிக்காவில் தன் வீட்டு நிலவறையில் மேரியன் லேபரட்டரீஸ் என்ற மருந்துக் கம்பெனியைத் தொடங்கினார். சிப்பி ஓட்டை அரைத்துச் செய்த கால்சியம் மாத்திரை அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. (கிளிஞ்சல் சுண்ணாம்பின் அருமை செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்!) ஆனால் அவர் 1993-இலேயே காலமாகிவிட்டார், அரங்கம் திறந்தது 2011 செப்டம்பரில். அது மனைவி மியூரியலின் கனவு. அவரும் 1995-இல் மறைய, மகள் ஜூலியா விடாப்பிடியாக நின்று முடித்தார். இந்த இரு பெண்களையும் செய்தி அப்படியே விழுங்கிவிட்டதுதான் எனக்கு உறுத்துகிறது.

அழகப்பர் மருந்தால் வளர்ந்தவர் அல்லர். அவர் பேர் சொல்லும் தொழில் நூலாலை. அவரது ஆலையால் பெயர் பெற்ற கேரளத்து அழகப்பா நகரே அதற்குச் சாட்சி. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார்.