தனியாக வந்தால் ரூம் கிடையாதாம்

சென்னையில் இருந்து கன்னியாகுமரிக்குத் தனியாக பைக்கில் போகிறேன் என்றதும் எல்லோரும் ரோட்டைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். லாரிக்காரன் இடிப்பான், இருட்டில் பஞ்சர் ஆனால் என்ன செய்வாய், இப்படி. ரோட்டில் எனக்கு ஒரு குறையும் வரவில்லை. காலை ஐந்து மணிக்குத் தாம்பரம் தாண்டினேன். விக்கிரவாண்டியில் டீ. பெரம்பலூருக்கு அப்புறம் வெயில் மண்டையைப் பிளந்தது, சமயபுரத்தில் மரத்தடியில் படுத்துவிட்டுக் கிளம்பினேன். துவரங்குறிச்சிப் பக்கம் நல்ல மழை. மேலூரில் செயின் தளர்ந்துவிட்டது. இறுக்கிக் கொடுத்த மெக்கானிக் அண்ணன் எங்கேம்மா போறே என்றார், சொன்னேன். "காவல்கிணறு தாண்டுனா காத்து வண்டியைத் தள்ளும், மெதுவாப் போ" என்றார். அவ்வளவுதான். கூட யார் என்று கேட்கவே இல்லை.

மதுரைக்குள் நுழையும்போது இரவு ஏழரை. ரூமுக்கு ஒரு ஆப்பில் முன்பே பணம் கட்டியிருந்தேன். ஆதார், லைசென்ஸ், வண்டி ஆர்சி மூன்றையும் மேசையில் வைத்தேன். லாட்ஜ்காரர் பெரிய நோட்டில் என் பெயரை எழுதினார், ஊரை எழுதினார். "எத்தனை பேரும்மா?" ஒருத்திதான் என்றேன். பேனா நின்றுவிட்டது. அதே பேனாவால் என் பெயர் மேல் ஒரு கோடு இழுத்தார். "சிங்கிள் லேடிஸ்க்குக் குடுக்கிறதில்லம்மா." அவருக்குப் பின்னால் சாவிப் பலகையில் பதினோரு சாவி தொங்கியது. எண்ணினேன். ஆப்பில் கட்டிய பணம்? அது எங்களுக்குத் தெரியாது, அவங்ககிட்ட கேளுங்க என்றார். பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வந்தது.

அடுத்த லாட்ஜிலும் இதே பதில். மூன்றாவது இடத்தில் கம்பெனி லெட்டர் இருக்கா என்றார்கள். ஆபீஸ் வேலையாக வந்தால் ரூம் உண்டு, ஊர் பார்க்க வந்தால் கிடையாதாம். அரசாங்கம் கொடுத்த மூன்று அட்டைக்கு இல்லாத மதிப்பு கம்பெனி லெட்டர்பேடுக்கு எங்கிருந்து வந்தது?

ஏன் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே காரணம்தான். "தனியா வர்றவங்க ஏதாச்சும் பண்ணிக்கிட்டா நாங்கதான் ஸ்டேஷனுக்கு அலையணும்." ஆண்களையும் இதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்புகிறார்கள். சரி, அந்தப் பயம் நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். உண்மையிலேயே மனசு உடைந்த ஒருவர் உங்கள் வாசலில் வந்து நின்றால், இரவு எட்டு மணிக்கு அவரைத் தெருவில் விடுவதா வழி? ஒரு காபி கொடுத்து உட்காரவைத்து என்னப்பா என்று கேட்க ஆளில்லையா? உங்கள் கவலையெல்லாம் அவர் உயிரைப் பற்றி இல்லை, அது உங்கள் கட்டடத்துக்குள் போகக்கூடாது என்பதுதான்.

தனி ஆளுக்கு அறை தராதே என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவது குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே 2019-ல் சொல்லிவிட்டது. ஒருத்தி தனியாகப் படுத்துத் தூங்கினால் மட்டும் என்ன குற்றம்?

இது நடந்தது மதுரையில் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. 1689-ல் இருந்து சுமார் பதினைந்து வருடம் பேரனுக்காக இந்த ஊரை ஆண்டவர் ராணி மங்கம்மாள். கணவரை இழந்த பெண். வழிப்போக்கருக்கென்று சாலை போட்டார், சத்திரம் கட்டினார். ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றைக்கும் நிற்கிறது. அந்த வழியாகத்தான் ஈரக் கையுறையோடு நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினேன்.

நாலாவது இடத்தில், "வீட்ல ஆம்பளைங்க யாருக்காச்சும் போன் போட்டுக் குடும்மா" என்றார். அப்பா இல்லை. தம்பிக்குப் போட்டேன். அவனுக்கு இருபது வயது, காலேஜில் படிக்கிறான், பீஸ் கட்டுவது நான். "ஆமாண்ணே, எங்க அக்காதான், குடுங்க" என்றான். உடனே சாவி வந்தது. எனக்கு முப்பத்தாறு வயது. பதிமூன்று வருடமாகச் சம்பாதிக்கிறேன், வரி கட்டுகிறேன். என் சொல்லுக்கும் என் பணத்துக்கும் திறக்காத கதவு அந்தப் பையனின் ஒரு ஆமாவுக்குத் திறந்தது. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

அடுத்த மாதம் மறுபடி கிளம்புகிறேன், இந்த முறை ராமேஸ்வரம். நேற்று ஆறு லாட்ஜுக்குப் போன் செய்தேன். நாலு பேர் கேட்ட முதல் கேள்வியே "கூட யாரு வர்றாங்க?" என்பதுதான்.

லாட்ஜ் நடத்துகிறவர்களே, தனியாக வருபவர்களுக்கு அறை இல்லை என்பது உங்கள் விதி என்றால், அதை வாசல் போர்டில் எழுதுங்கள். ஆப்பில் பணம் வாங்குவதற்கு முன்னால் எழுதுங்கள். நானூற்று அறுபது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்தவளிடம், பெயரை எழுதிவிட்டு அடிக்காதீர்கள்.